வெட்டி ஒட்டுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க மக்கா

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுற மக்களுக்கு பாதி தெரிஞ்ச கதையா இருக்கும். மீதி பாதிக்காக பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு கயத்தாறு. மதுரையில இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போறவங்க கோவில்பட்டி தாண்டி கொஞ்ச நேரத்துல பார்த்திருப்பீங்க. 1799 அக்டோபர் 16ல கட்டபொம்மனைத் தூக்குல போட்ட ஊரு. அதுக்கப்புறம் சொல்லிக்கிற மாதிரி இருக்குறது காத்தாடி. காற்றாலைன்னு எழுதணும், ஊர்ல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பா கூப்பிட்டார். அவர் ரொம்ப வருஷமா டிடிபி, ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தவர். கடையை மூடியாச்சு, எக்ஸ்பி ஓடுற பழைய பொட்டி மட்டும் வீட்டு மச்சுல கிடந்தது. "ஏல, இதை எடைக்குப் போடப் போறேன். உங்க தாத்தா எழுதுனது எல்லாம் இதுலதான் கெடக்கு. வேணும்னா உன் மிஷின்ல ஏத்திக்கோ"ன்னார்.

இதென்ன பெரிய வேலை, ஒரு பென் டிரைவ், அஞ்சு நிமிஷம்னு நினைச்சு உக்காந்தேன். எழுந்திரிச்சப்போ தாத்தாவோட குரல் பாதிக்கு மேல போயிருந்துச்சு. எப்படின்னு கடைசியில சொல்றேன். ஒரு ஃபைலை ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துறதுன்னா என்னன்னு ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் ஒவ்வொரு மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கு. அந்த வரலாறு தெரியாததுதான் என் தப்பு. அதான் இந்தப் பதிவு.

பட்டா மாறுதலா, மாட்டுவண்டியா?

முதல்ல அடிப்படை. ஒரே டிஸ்க்குக்குள்ள ஒரு ஃபைலை நகர்த்தினா ஃபைல் நகர்றதே இல்லை. பட்டா மாறுதல் மாதிரிதான். நிலம் இருந்த இடத்துலயே இருக்கும், பதிவேட்டுல மட்டும் பேரு மாறும். அதனாலதான் 3 ஜிபி படம்கூட ஒரே டிஸ்க்குல கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள இடம் மாறிடுது. ஆனா ஒரு டிஸ்க்குல இருந்து இன்னொரு டிஸ்க்குக்குன்னா, அங்க ஒரு நகல் எடுத்து, இங்க இருக்குறதை அழிக்கணும். இது மாட்டுவண்டி வேலை. சரக்கு பாதி வழியில இருக்கும்போது அச்சு முறியலாம்.

ரெண்டும் வேற வேற வேலை. ஆனா நம்ம எல்லாரும் ரெண்டையும் 'மூவ்'னு ஒரே வார்த்தையில சொல்றோம். குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

யூனிக்ஸ் இதை முதல்லயே ஒரு மாதிரி புரிஞ்சு வெச்சிருந்தது. 1971ல வந்த முதல் பதிப்புலயே 'எம்வி' கட்டளை இருக்கு. அந்தக் காலத்துல அது செஞ்ச வேலை: ஃபைலுக்குப் புதுசா இன்னொரு பேரு வைக்கிறது, அப்புறம் பழைய பேரை எடுத்துடறது. இந்த ரெண்டு வேலைக்கு நடுவுல மிஷின் நின்னு போனா ஃபைலுக்கு ரெண்டு பேரு இருக்கும், ஆனா ஃபைல் தொலையாது. 1983ல வந்த 4.2 பிஎஸ்டியில 'ரீநேம்'னு ஒரே அடியில முடிக்கிற வசதி வந்தது. பேரு மாத்துறதும் இடம் மாத்துறதும் யூனிக்ஸுக்கு ஒண்ணுதான், ரெண்டுக்கும் ஒரே கட்டளை.

டாஸ் வேற ரகம். 1981ல வந்தப்போ அதுல நகல் எடுக்கலாம், அழிக்கலாம், பேரு மாத்தலாம். நகர்த்த மட்டும் முடியாது. நகர்த்துறதுக்கு இடமே இல்லையே, ஃபோல்டர்னு ஒண்ணு வந்ததே 1983ல வந்த 2.0ல தான். ஆனா அதுக்கப்புறமும் 'மூவ்' கட்டளை வர பத்து வருஷம் ஆச்சு. 1993ல வந்த எம்எஸ்-டாஸ் 6.0ல தான் அது சேர்ந்தது. அதுவரைக்கும் 'காப்பி' அடி, சரியா வந்துச்சான்னு பாரு, அப்புறம் 'டெல்' அடி. சித்தப்பா தலைமுறைக்கு இந்தப் பழக்கம் ரத்தத்துல ஊறினது. "நாங்கல்லாம் பாத்துட்டுத்தாம்ல அழிப்போம்"னு இன்னைக்கும் சொல்லுவார். அப்போ சிரிச்சேன்.

கத்தரிக்கோல் எங்க இருந்து வந்துச்சு?

வெட்டி ஒட்டுற வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல 1970களின் நடுவுல டிம் மாட்டோட சேர்ந்து ஜிப்சின்னு ஒரு எழுத்துச் செயலி செஞ்சார். அதுல வந்ததுதான் இந்த வெட்டுறதும் ஒட்டுறதும். 2020 பிப்ரவரியில அவர் இறந்தப்போ உலகமே அஞ்சலியையும் காப்பி-பேஸ்ட் பண்ணுச்சு. :-)

இங்க கவனிக்க வேண்டிய விஷயம், டெஸ்லர் வெட்டினது எழுத்தை. ஃபைலை இல்லை. ஒரு பத்தியை வெட்டினா அது அந்த நொடியே இடத்தை விட்டுப் போயிடும். ஒட்டாம வேற ஒண்ணை வெட்டினா முதல்ல வெட்டினது காலி. எழுத்துக்கு இது பரவாயில்லை, திரும்ப அடிச்சுக்கலாம். ஆனா ஃபைலுக்கு?

1981ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டர்ல விசைப்பலகையிலயே 'மூவ்', 'காப்பி'ன்னு தனித்தனி விசை இருந்துச்சு. எழுத்தா இருந்தாலும் சரி, ஃபைலா இருந்தாலும் சரி, அதைத் தேர்ந்தெடுத்து, விசையை அமுக்கி, போக வேண்டிய இடத்தைக் காட்டினா போதும். நடுவுல கிளிப்போர்டுன்னு ஒரு திண்ணை கிடையாது.

1984 ஜனவரியில வந்த மேக்குல அந்த விசைகள் இல்லை. அதுக்குப் பதிலா எலியால இழுத்துப் போடணும். ஒரே டிஸ்க்குல இழுத்தா நகரும், வேற டிஸ்க்குல இழுத்தா நகல் ஆகும். பட்டா மாறுதலுக்கும் மாட்டுவண்டிக்கும் உள்ள அதே வித்தியாசம். ஒரு டிஸ்க்கை விட்டு சரக்கு வெளிய போகுதுன்னா மூலத்தை விட்டுட்டு நகலைத்தான் அனுப்பும், அழிக்கிறது உன் பொறுப்பு. அந்த மேக்குல இருந்தது ஒரே ஒரு ஃபிளாப்பி வாய், 400 கேபி ஃபிளாப்பி. ஒரு ஃபிளாப்பியில இருந்து இன்னொண்ணுக்கு நகல் எடுக்க, மாத்தி மாத்தி சொருகிக்கிட்டே இருக்கணும். மாட்டுவண்டியே தேவலை.

1995 ஆகஸ்ட் 24ல விண்டோஸ் 95 வந்தது. அதோட எக்ஸ்ப்ளோரர்ல கண்ட்ரோல்-எக்ஸ் ஃபைலுக்கும் வேலை செஞ்சது. ஆனா எழுத்தை வெட்டுற மாதிரி நிஜமா வெட்டினா ஆபத்துன்னு அதைச் செஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால ஃபைல் போகாது, படம் மட்டும் மங்கும். ஒட்டுற வரைக்கும் அது வெறும் வாக்குறுதிதான். ஒட்டாமலே விட்டா ஒண்ணும் ஆகாது. பேரு வெட்டு, வேலை வெட்டு இல்லை.

மேக்காரங்க இதை ஏத்துக்கவே இல்லை. இன்னைக்கும் ஃபைண்டர்ல ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து 'கட்' கொடுத்தா ஒண்ணும் நடக்காது. எனக்கு முதல் அடி அங்கதான். விண்டோஸ்ல வளர்ந்த கை தானா கமாண்ட்-எக்ஸ் அடிக்குது, மிஷின் 'போடா'ங்குது. 2011ல வந்த லயன் பதிப்புலதான் ஒரு வழி கொடுத்தாங்க: முதல்ல சாதாரணமா காப்பி எடு, ஒட்டும்போது ஆப்ஷன் விசையையும் சேர்த்து அமுக்கு, அப்போ அது நகர்த்தல் ஆகிடும்.

யோசிச்சுப் பார்த்தா இதுல ஒரு நியாயம் இருக்கு. விண்டோஸ்ல ஏத்துற இடத்துலயே 'இது நகலா, நகர்த்தலா'ன்னு முடிவு பண்ணணும். மேக்குல இறக்குற இடத்துலதான் முடிவு. லினக்ஸ்ல கேடிஇ-யோ, இழுத்துப் போட்டா 'நகர்த்தவா, நகல் எடுக்கவா, தொடுப்பு மட்டும் வைக்கவா'ன்னு சின்னப் பட்டியலைக் காட்டி நம்மகிட்டயே கேக்குற பழக்கம் உள்ளது. மூணு பேரும் ஒரே கேள்வியை வேற வேற நேரத்துல கேக்குறாங்க, அவ்வளவுதான்.

விண்டோஸ் பத்தி பேசும்போது இதைச் சொல்லாம விட முடியாது. 95 காலத்துல, நிரல் ஃபைலை இழுத்துப் போட்டா பல நேரம் நகராது, நகலும் ஆகாது, ஷார்ட்கட் மட்டும் விழும். சித்தப்பா கடைக்கு ஃபிளாப்பியில 'கேம்' கொண்டு வர்ற பசங்க பாதிப் பேரு வெறும் ஷார்ட்கட்டைத்தான் கொண்டு வருவாங்களாம். வீட்டுச் சாவி இருக்கும், வீடு இருக்காது.

பென் டிரைவ் என்ற பொது மைதானம்

ரெண்டு ஊர்க்காரங்க சந்திக்கணும்னா பொது இடம் வேணும். விண்டோஸோட என்டிஎஃப்எஸ் (1993ல என்டியோட வந்தது) மேக்குல படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. மேக்கோட வடிவம் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. அதனால ரொம்ப நாள் பொது மைதானமா இருந்தது எஃப்ஏடி 32. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. 2006ல எக்ஸ்-ஃபேட் வந்தது, 2010ல மேக் சேர்த்துக்கிச்சு, லினக்ஸ் கெர்னல்ல நேரடியா வந்தது 2019ல 5.4 பதிப்புல. ஒரு பென் டிரைவ் மூணு வீட்டுலயும் சங்கடமில்லாம ஏறி இறங்க பதிமூணு வருஷம்!

இன்னொரு கூத்து: அந்தப் பென் டிரைவை மேக்குல சொருகி எடுத்துட்டு திரும்ப விண்டோஸ்ல போட்டா, ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல புள்ளியும் அடிக்கோடும் வெச்ச ஒரு குட்டி ஃபைல் இருக்கும். மேக் தன்னோட குறிப்புகளை அப்படி எழுதி வைக்குது. சித்தப்பா பார்த்துட்டு "ஏல, உன் மிஷின்ல வைரஸ்"னு பதறிட்டார்.

எழுத்தைத் தூக்கினா மொழி வருமா?

ரெண்டாவது அடி இது. தாத்தா எழுதின ஃபைல் சேதாரமில்லாம வந்து சேர்ந்துடுச்சு. ஒரு பைட் குறையலை. ஆனா திறந்தா ஒண்ணும் புரியலை. ஆங்கில எழுத்தும் குறியும் மேல கொம்பு வெச்ச ஐரோப்பிய எழுத்தும் கலந்து கிடக்கு.

இது நம்ம தமிழ் மக்களோட தனிக் கதை. யூனிகோடுக்கு முன்னாடி எழுத்துரு செஞ்ச ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்துல எழுத்தை உக்கார வெச்சாங்க. 256 நாற்காலி, அதுல எந்த நாற்காலியில எந்த எழுத்துங்கிறது அவங்கவங்க இஷ்டம். ஈழத்தமிழர்கள் நடுவுல பரவலா இருந்த பாமினியில 'அம்மா'ன்னு எழுதினா ஃபைலுக்குள்ள இருக்குறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இருந்தா அம்மா. இல்லைன்னா அரைப்புள்ளி.

இதுல மேக், விண்டோஸ் சண்டை வேற. 128க்கு மேல இருக்குற நாற்காலிகளை ரெண்டு பேரும் வேற வேற வரிசையில போட்டிருந்தாங்க. ஒரே ஃபைல், ஒரே பைட், ரெண்டு மிஷின்ல ரெண்டு எழுத்து.

இதைச் சரி பண்ண எத்தனை பேரு எத்தனை ராத்திரி உக்காந்திருக்காங்க! சுவிட்சர்லாந்துல இருந்த வேதியியலாளர் கு.கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துரு செஞ்சார், 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். மலேசியாவுல முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் செஞ்சார். சிங்கப்பூர்ல நா.கோவிந்தசாமி கணியன் செஞ்சார். ஆர்வலர்கள் மின்னஞ்சல்லயே மாசக்கணக்கா விவாதிச்சு தகுதரம்னு (டிஸ்கி, நம்ம டிஸ்கி இல்லை!) ஒரு பொதுக் குறியீட்டைக் கொண்டு வந்தாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதுல இருந்து டாம், டாப்னு ரெண்டு அரசுத் தரமும், தமிழ் 99 விசைப்பலகையும் வந்துச்சு. ஆக, பொதுத்தரம் வேணும்னு தேடினதுல நமக்கு மூணு பொதுத்தரம் கிடைச்சது!

யூனிகோடுல தமிழுக்கு 1991லயே இடம் ஒதுக்கியாச்சு. ஆனா ஒதுக்கின இடத்துல வீடு கட்ட வருஷங்கள் ஆச்சு. விண்டோஸ் 2000ல லதா எழுத்துருவோட வந்தது. மேக்குல 2005ல டைகர் பதிப்புல, முத்து நெடுமாறனோட இணைமதியோட வந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 2010ல, கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி. தாத்தாவோட ஃபைல் 2002. எல்லாத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவர்.

ஓப்பன்-தமிழ்னு பைத்தான்ல ஒரு திறமூல நிரல்தொகுப்பு இருக்கு, அதுல பழைய குறியீடுகளை யூனிகோடுக்கு மாத்துற வேலையும் இருக்கு. ஒவ்வொரு குறியீடா போட்டுப் பார்த்து, ராத்திரி ஒரு மணிக்கு திரையில தமிழ் வந்துச்சு. வீட்டுல எல்லாரும் தூங்கியாச்சு, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை.

சரி, யூனிகோடு வந்தப்புறம் எல்லாம் சுகம்தானேன்னு கேப்பீங்க. அதுலயும் ஒரு வில்லங்கம். 'கோ'ங்கிற எழுத்தை ரெண்டு விதமா எழுதலாம். 'க'வுக்கு அப்புறம் ஓகாரக் குறியை ஒரே குறியா போடலாம், இல்லைன்னா முன்னாடி வர்ற இரட்டைக்கொம்பையும் பின்னாடி வர்ற காலையும் தனித்தனியா போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. 1998ல வந்த மேக்கோட பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவம் ஃபைல் பேரைப் பிரிச்சுத்தான் வைக்கும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். விளைவு? என்னோட பழைய மேக் டிஸ்க்குல இருந்தும் விண்டோஸ்ல இருந்தும் லினக்ஸ் மிஷினுக்குக் கொண்டு போனப்போ 'கோவில்பட்டி'ன்னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. ஒரே ஊரு, ஒரே எழுத்து, மிஷினுக்கு ரெண்டு. 2017ல வந்த ஏபிஎஃப்எஸ் பிரிக்காம அப்படியே வெச்சுக்குது, ரெண்டும் ஒண்ணுன்னும் புரிஞ்சுக்குது. 'கோப்பு'ங்கிற வார்த்தைக்கே இந்தப் பிரச்சினை உண்டுங்கிறதை நினைச்சா சிரிப்பு வருது.

மூணாவது அடி

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

2018ல நான் காலேஜ்ல இருந்தப்போ தாத்தாவைப் பேச வெச்சு போன்ல பதிவு பண்ணேன். மொத்தம் பதினாலு பதிவு. தாத்தா தூத்துக்குடி பழைய துறைமுகத்துல தோணிக்கு சரக்கு ஏத்துற இடத்துல கணக்கெழுதினவர். கொழும்புக்குப் போற வெங்காயம், மிளகாய், ஓடு. அந்தக் கதையெல்லாம் அதுல இருந்துச்சு. அவர் இப்போ இல்லை. பதிவுகள் ஆபீஸ்ல கொடுத்த மேக்குல, டெஸ்க்டாப்புல, 'தாத்தா'ன்னு ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சு. வேற எங்கயும் எடுத்து வைக்கலை.

சித்தப்பா பொட்டியில இருந்த எழுத்து ஃபைல்களை எல்லாம் ஒரு ஃபோல்டர்ல போட்டேன். அதுக்கும் பேரு 'தாத்தா'. பென் டிரைவ்ல ஏத்தி, மேக் டெஸ்க்டாப்புக்கு இழுத்தேன். இதே பேருல ஒண்ணு இருக்கு, மாத்தவான்னு கேட்டுச்சு. அமுக்கினேன்.

விண்டோஸ்ல ஒரே பேருள்ள ஃபோல்டரை ஒண்ணு மேல ஒண்ணு போட்டா உள்ள இருக்குறது ரெண்டும் கலக்கும். ஒரே பேருள்ள ஃபைல் இருந்தா மட்டும் கேக்கும். லினக்ஸ்ல 'எம்வி' கட்டளை, அங்க இருக்குற ஃபோல்டர் காலியா இல்லைன்னா 'முடியாது'ன்னு மறுத்துடும். ஃபைண்டர்ல 'மாத்து'ன்னா மாத்துறதுதான்: பழைய ஃபோல்டர் போய் புதுசு உக்காரும். லயன்ல இருந்து 'சேர்'ங்கிற வழியும் இருக்கு, ஆனா ஆப்ஷன் விசையை அமுக்கிக்கிட்டு இழுத்தாதான் நம்பகமா தலைகாட்டும். மூணுமே அதது தர்க்கப்படி சரிதான். பெட்டியில எழுதியிருந்ததும் தெளிவாத்தான் இருந்துச்சு. படிக்காம அமுக்கினது நான். பேக்கப் வைக்காததும் நான்.

பதினாலுல அஞ்சு பதிவை அப்போ அத்தைக்கு வாட்ஸப்புல அனுப்பியிருந்தேன். அவங்க போன்ல இருந்துச்சு. ஒன்பது போச்சு.

ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் சரியா பேசலை. அதுக்கப்புறம்தான் மாத்தின ஃபைல்களைப் படிச்சேன். தாத்தா தன் வேலையைப் பத்தி எழுதினது, அவர் சொல்லச் சொல்ல சித்தப்பா தட்டச்சு பண்ணது. அதுல தோணிக் கணக்கு எழுதுற முறையை விவரமா சொல்லியிருக்கார். கரையில ஏத்தும்போது ஒரு தடவை எண்ணணும். தோணிக்குள்ள அடுக்கினப்புறம் இன்னொரு தடவை எண்ணணும். ரெண்டு கணக்கும் ஒத்துப் போனாத்தான் கரைக் கணக்குல கோடு அடிக்கணும். அதுக்கு முன்னாடி யாரு அவசரப்படுத்தினாலும் அடிக்கக் கூடாது.

இதைத்தான் சித்தப்பா டாஸ்ல செஞ்சுக்கிட்டு இருந்தார். இதைத்தான் யூனிக்ஸ் 1971ல புதுப் பேரு வெச்சுட்டு பழைய பேரை எடுத்துச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, ஆறு வருஷமா பொட்டி தட்டுற எனக்கு, பேரன் தொலைச்சதுக்கு அப்புறம் தாத்தா வந்து சொல்லிக் கொடுத்திருக்கார்.

இப்போ என் பழக்கம் இதுதான். முக்கியமான எதையும் வெட்டுறதில்லை, இழுக்குறதில்லை. நகல் எடுக்குறேன், ரெண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை பைட்னு எண்ணுறேன், ஒண்ணு ரெண்டைத் திறந்து பார்க்குறேன், அப்புறம்தான் கோடு அடிக்கிறேன். ஒரே பேருல ஃபோல்டர் வைக்குறதில்லை, பேருக்குப் பின்னாடி தேதி போட்டுடறேன்.

சித்தப்பா பொட்டியை எடைக்குப் போடலை. "கெடந்துட்டுப் போகட்டும்ல"ன்னுட்டார். உங்க வீட்டு மச்சுலயும் இப்படி ஒரு பொட்டி கிடந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏறிப் பாருங்க மக்கா. எடைக்காரர் வர்றதுக்கு முன்னாடி. எண்ணிக்கிட்டு இறக்குங்க.